வெலிங்டன் தென்கரையும் அதன் மேலுள்ள முகடும்: ட்ராம்பிங் கிளப்பின் ஒருநாள் நடைக்கு முழுமையான வழிகாட்டி

நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனின் தென்கோடியில் உள்ள ஓஃபிரோ விரிகுடாவில் தொடங்கி, குக் நீரிணையின் கரையோரமாக மேற்கே நடந்து, சிவப்புப் பாறைகளையும் சின்க்ளேர் முனையையும் பார்த்துவிட்டு, தே கோபஹௌ காப்பகத்தின் மலைமுகட்டில் ஏறி, டிப் ட்ராக் என்னும் செங்குத்தான வண்டித்தடம் வழியாக மறுபடியும் கடற்கரைக்கே இறங்கும் சுற்று ஒன்று உண்டு. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சுற்றை, நல்ல நடைப்பழக்கம் உள்ள ஒரு குழு ஓய்வுகளையும் சேர்த்து ஆறு மணி நேரத்தில் முடிக்கலாம். ட்ராம்பிங் (மலைநடை) கிளப் ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், ஒரு நடையை முதன்முறையாகத் தலைமையேற்று நடத்த இருப்பவர்களுக்கும் பயன்படும்படி இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

இந்த நடையைத் திட்டமிடுபவர் எல்லாவற்றுக்கும் முன்பாக மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கரையும் முகடும் ஒரே காற்றை ஒரே விதமாக வாங்குவதில்லை. வடக்கிலிருந்து காற்று வீசும் நாளில் மலைகள் மறைப்பாக நிற்பதால் கரை அமைதியாக இருக்கும். அதே நேரத்தில் முகட்டில் நிற்கவே முடியாமல் போகலாம். தெற்கிலிருந்து வீசும் நாளிலோ கரைதான் முதல் அடியை வாங்குகிறது. அலை தடத்தின்மீதே ஏறிவரும். ஆகவே இதை ஒரே நடையாகக் கருதாமல், ஒரே நாளில் அடுத்தடுத்து வரும் இரண்டு நடைகளாகக் கருதி, இரண்டுக்கும் தனித்தனியே முடிவெடுப்பதே சரியான முறையாகும். நகரத்துக்கு இவ்வளவு அருகில் இருக்கும் இடத்தில் என்ன நேர்ந்துவிடப் போகிறது என்று எண்ணுவோர்தாம் இங்கே சிரமப்படுகிறார்கள்.

கிளப் நடை எப்படி ஒழுங்கு செய்யப்படுகிறது

நியூசிலாந்தில் மலைநடையை ட்ராம்பிங் என்கிறார்கள். அந்நாட்டின் முதல் ட்ராம்பிங் கிளப்பான தராருவா ட்ராம்பிங் கிளப் 1919-இல் வெலிங்டனில்தான் தொடங்கப்பட்டது. 1931-இல் இத்தகைய கிளப்புகளின் கூட்டமைப்பும் உருவானது. நூற்றாண்டைக் கடந்த இந்த மரபில் நடைகள் நடத்தப்படும் விதம் பெரிதாக மாறிவிடவில்லை. சில மாதங்களுக்கான நடைப்பட்டியல் முன்கூட்டியே வெளியாகும். ஒவ்வொரு நடைக்கும் எளிது, நடுத்தரம், கடினம் என்ற தரமும், தலைவர் ஒருவரின் பெயரும் இருக்கும். சேர விரும்புபவர் அந்தத் தலைவரைத் தொடர்புகொண்டு பெயர் கொடுக்க வேண்டும். பெரும்பாலான கிளப்புகள், உறுப்பினர் ஆகும் முன்பே ஓரிரு பகல்நடைகளில் விருந்தினராக வர இடம் தருகின்றன.

பெயர் கொடுக்கும்போது தலைவர் கேட்கும் கேள்விகளைச் சம்பிரதாயம் என்று எண்ணிவிடக் கூடாது. கடைசியாக எவ்வளவு தூரம் நடந்தீர்கள், ஏற்றத்தில் எப்படி இருந்தது, ஆஸ்துமா, நீரிழிவு, முழங்கால் வலி போன்றவை உண்டா என்று அவர் கேட்பது, குழுவின் வேகத்தைக் கணக்கிடுவதற்காகத்தான். நம்மவர்களில் பலர் கூச்சத்தால் “எல்லாம் சமாளித்துக்கொள்வேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியம் பிற்பகல் மூன்று மணிக்கு மலைமேல் பத்துப் பேரைக் காக்க வைக்கக்கூடியது. முகடு வேண்டாம், கரை நடை மட்டும் போதும் என்று முன்பே சொல்பவருக்கு எந்தத் தலைவரும் மகிழ்ச்சியோடு இடம் கொடுப்பார். சிவப்புப் பாறைகளிலிருந்து வந்த வழியே திரும்புவது எளிதானதுதான்.

இந்தச் சுற்றுக்கு நடுத்தரம் என்ற தரமே பொருந்தும். தூரத்தைவிட, கடல்மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஏற வேண்டியிருப்பதும், பிறகு உருளும் கற்கள் நிறைந்த சரிவில் இறங்க வேண்டியிருப்பதுமே அதற்குக் காரணம்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

கடல்நாய்களைப் பார்க்க வேண்டுமென்றால் மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் வர வேண்டும். கோடையில் அவை பெரும்பாலும் இங்கு இருப்பதில்லை. ஆனால் அம்மாதங்களில் பகல் குறுகியது. ஜூன் இறுதியில் வெலிங்டனில் காலை எட்டு மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கிறது. மாலை ஐந்து மணிக்கே மறைந்துவிடுகிறது. ஆகவே குளிர்காலத்தில் காலை ஒன்பது மணிக்குள் நடக்கத் தொடங்கி, பிற்பகல் ஒரு மணிக்குள் ஏற்றத்தின் அடியிலாவது இருக்க வேண்டும் என்று எல்லை வகுத்துக்கொள்வது நல்லது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பகல் நீண்டுவிடும், கடல்நாய்களும் இருக்கும், சரிவுகளில் கோர்ஸ் முட்செடி மஞ்சளாகப் பூத்திருக்கும். ஆனால் காற்று மிகுந்த பருவமும் அதுவே.

கிழமையையும் பார்க்க வேண்டும். கரையோரத் தடத்தில் நான்கு சக்கர இழுவை வண்டிகள் செல்ல அனுமதி உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வண்டிகளுக்கு வாயில் மூடப்படும். மீன்பிடிக்கச் செல்லும் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பதில் குழுவின் ஒழுங்கு கலைந்துவிடுவதால், கிளப் நடையை ஞாயிறன்று வைப்பதே என் பரிந்துரை.

காற்றையும் அலையையும் படித்தல்

வெலிங்டன் காற்றுக்குப் பெயர்பெற்றது என்பது எல்லோரும் அறிந்ததே. வடக்குத் தீவுக்கும் தெற்குத் தீவுக்கும் இடையிலுள்ள குக் நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் இருபத்து மூன்று கிலோமீட்டர் அளவுக்கே அகலமானது. இருபுறமும் மலைத்தொடர்கள் நிற்பதால், மேற்கிலிருந்து வரும் காற்றோட்டம் முழுவதும் இந்த இடைவெளியில் புகுந்து வேகம் பெறுகிறது. இந்த நடையின் உச்சியில் நாம் கடக்கவிருக்கும் ஹாக்கின்ஸ் ஹில் பகுதியில் 1959 நவம்பரிலும் 1962 ஜூலையிலும் மணிக்கு 248 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதாகப் பதிவாகியுள்ளது. அது அரிய நிகழ்வு என்றாலும், அந்த முகடு எத்தகைய இடம் என்பதை அந்த எண் காட்டிவிடுகிறது.

நடைக்கு இரண்டு நாள்களுக்கு முன்பிருந்தே மெட்சர்வீஸ் என்னும் நாட்டின் வானிலைச் சேவையின் முன்னறிவிப்பைக் காலையும் மாலையும் பார்த்து வர வேண்டும். சராசரி வேகத்தை மட்டும் பார்க்காமல், திடீர் வீச்சின் வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். நடப்பவரைத் தள்ளிவிடுவது அந்த வீச்சுதான். வடக்கு அல்லது வடமேற்குக் காற்றின் வீச்சு மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும் என்று அறிவிக்கப்பட்டால் முகட்டைக் கைவிட்டு, கரைநடையை மட்டும் வைத்துக்கொள்வதே என் அளவுகோல். அன்று கரையில் வெயில் காய்ந்துகொண்டு மதிய உணவு உண்ணலாம். மேலே போக முடியவில்லையே என்ற வருத்தம் அங்கே அதிக நேரம் நிற்காது.

தெற்குக் காற்றின் இயல்பு வேறு. அன்டார்க்டிக் பக்கமிருந்து வரும் குளிர்முகப்பு, முன்னறிவிப்பில் சொன்ன நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி முன்போ பின்போ வந்து சேரும். வந்த சில நிமிடங்களிலேயே காற்று திசை மாறி, வெப்பநிலை பல பாகை இறங்கி, மழையும் சேர்ந்துகொள்ளும். பிற்பகலில் காற்று தெற்குக் காற்றாக மாறும் என்று அறிவிப்பில் கண்டால், நடையைச் சுருக்குங்கள் அல்லது வேறு நாளுக்கு மாற்றுங்கள். அது வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, பலர் மறந்துவிடும் ஒன்று: தொலைவில் எழுந்து வரும் நெடிய அலை. வெலிங்டனில் கடலின் ஏற்றவற்றம் ஒன்றரை மீட்டருக்குள்தான் இருக்கும் என்பதால், ஏற்றவற்ற அட்டவணையை மட்டும் பார்த்துத் தேறிவிடுவதில் பயனில்லை. தென்பெருங்கடலில் எங்கோ அடித்த புயல் எழுப்பிய அலை, உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் இந்தக் கரையில் வந்து மோதும். 2020 ஏப்ரலில் அப்படி வந்த அலைகள் ஓஃபிரோ விரிகுடாவின் வீடுகளுக்குள்ளேயே புகுந்தன. தெற்கிலிருந்து நான்கு மீட்டருக்கு மேற்பட்ட அலை அறிவிக்கப்பட்ட நாளில் கரைத்தடத்தைத் தவிர்த்து, டிப் ட்ராக் வழியாகவே ஏறி முகட்டில் நடந்து அதே வழியில் இறங்குவது மேல். முகடு இல்லாத கரை, கரை இல்லாத முகடு என இப்படி இரண்டு மாற்றுத் திட்டங்கள் தலைவரின் குறிப்பேட்டில் முதல் நாளே இருக்க வேண்டும்.

எதை எடுத்துச் செல்வது

நகரத்தை ஒட்டிய நடைக்கு இவ்வளவா என்று தோன்றும் அளவுக்குத்தான் கிளப்புகள் உடைமைப் பட்டியல் தரும். அதில் பேரம் பேச வேண்டாம். உடலை ஒட்டி அணிவது பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையில் நனைந்த பருத்தி, முகட்டுக் காற்றில் உடல்சூட்டை உறிஞ்சிவிடும். மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ போதும். அதன்மேல் ஒரு ஃப்ளீஸ், பையில் இன்னொரு சூடான மேலாடை, தலைமறைப்புள்ள உண்மையான மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, கையுறை ஆகியவை கோடையிலும் பையில் இருக்க வேண்டும். குடை இங்கே பயன்படாது. ஓஃபிரோ விரிகுடாவில் அதை விரித்துப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை கொண்டுவருவதில்லை.

காலணி கணுக்காலைத் தாங்குவதாகவும் அடிப்பகுதி ஆழமாகப் பிடிப்பதாகவும் இருந்தால் நல்லது. கூழாங்கல் பரப்பில் ஓட்டக் காலணி பரவாயில்லை என்று தோன்றும். டிப் ட்ராக் இறக்கத்தில்தான் வேறுபாடு தெரியும். முழங்காலில் வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் ஒரு சோடி எடுத்துக்கொள்ளலாம்.

வெயிலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இந்நாட்டுக் கோடையில் புற ஊதாக் கதிரின் அளவு மிகக் கடுமையானது. காற்று குளிராக இருப்பதால் தோல் எரிவது தெரியாது. நிறம் மாநிறமோ கருமையோ எதுவானாலும் எஸ்பிஎஃப் 50 பூச்சும், காற்றில் பறக்காதபடி நாடா கட்டிய தொப்பியும், கறுப்புக் கண்ணாடியும் தேவை. வழியில் நிழல் தரும் மரம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

குடிநீர் வழியில் கிடைக்காது. ஒருவருக்கு இரண்டு லிட்டராவது சுமந்து செல்ல வேண்டும். உணவைப் பொறுத்தவரை, காற்றில் நின்றபடியே உண்ணக்கூடியதாக இருப்பது முக்கியம். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் இதற்கு மிகப் பொருத்தமானவை; ஆறினாலும் சுவை குறையாது, உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்தே கிடைக்கும். குழம்பு ஊற்றிப் பிசைய வேண்டிய எதையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உள்ளூர்க்காரர்கள் கொட்டை, உலர்திராட்சை, சாக்லேட் கலந்த ஸ்க்ராகின் என்ற கலவையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் மெல்லுவார்கள். அதோடு கொஞ்சம் பொரிகடலையும் சேர்த்துக்கொண்டால் குறையொன்றுமில்லை.

தலைவரிடம் முதலுதவிப் பை, அவசரப் போர்வை, தலைவிளக்கு, நிலவரைபடம், அவசர இருப்பிடக் கருவி ஆகியவை இருக்கும். பிஎல்பி எனப்படும் அந்தக் கருவியின் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்கு இருப்பிடம் சென்றுவிடும். அது யாருடைய பையின் எந்த அறையில் இருக்கிறது என்பது குறைந்தது இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். விழுந்தவர் தலைவராகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக.

புறப்படும் இடத்தில்

ஓஃபிரோ விரிகுடாச் சாலையின் மேற்குக் கோடியில் வண்டி நிறுத்துமிடமும், தே கோபஹௌ பார்வையாளர் மையமும், கழிப்பறையும் உள்ளன. இதன் பிறகு நாள் முழுவதும் கழிப்பறை இல்லை என்பதைத் தலைவர் வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். நகரத்திலிருந்து பேருந்தில் வருபவர்கள் மெட்லிங்க் செயலியில் ஞாயிற்றுக்கிழமை நேரங்களைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே காரில் பலர் வந்தால் எரிபொருள் செலவைப் பகிர்ந்துகொள்வது கிளப் வழக்கம். ஓட்டுநர் வாய்திறந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

நடக்கத் தொடங்கும் முன் அனைவரும் வட்டமாக நின்று பெயர் சொல்வார்கள். தலைவர் வழியையும், வானிலையையும், திரும்பும் நேரத்தையும் விளக்கிவிட்டு, தலைகளை எண்ணுவார். பிறகு குழுவின் கடைசியில் நடப்பதற்கு ஒருவரை நியமிப்பார். இந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. தலைவருக்கு முன்னால் யாரும் போகக் கூடாது. பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் முன்னால் செல்பவர்கள் நின்று, எல்லோரும் வந்து சேர்ந்த பிறகே நகர வேண்டும். கடைசியில் வந்து சேர்ந்தவருக்கும் மூச்சு வாங்க நேரம் கொடுக்க வேண்டும். அவர் வந்தவுடனே மற்றவர்கள் கிளம்பிவிட்டால், மிகவும் களைத்தவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காமல் போகும். இயற்கை உபாதைக்காக ஒதுங்குபவர் தம் முதுகுப்பையைத் தடத்தின் ஓரத்தில் விட்டுவிட்டுச் செல்ல வேண்டும் என்பதும் ஒரு நல்ல வழக்கம். அதைக் காணும் கடைசி ஆள் அங்கேயே காத்திருப்பார்.

கரையோரமாக

முதல் பகுதி பழைய கல்லுடைப்புக் குவாரியைக் கடந்து செல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை இங்கே மலை வெட்டப்பட்டது. அதன் படிக்கட்டு போன்ற தழும்புகள் இன்னும் தெரிகின்றன. உங்களுக்குப் பின்னால், கிழக்கே விரியும் கடல், 2008-இல் அமைக்கப்பட்ட தபுதெராங்கா கடல்வளக் காப்பகத்தைச் சேர்ந்தது. அதன் எல்லைக்குள் மீன்பிடிப்பதும் சிப்பி எடுப்பதும் குற்றமாகும்.

தடம் சமதளம்தான், ஆனால் தளர்ந்த சரளையும் மணலும் மாறி மாறி வருவதால், கால் ஒவ்வோர் அடியிலும் சற்றே பின்வாங்கும். வண்டிச் சக்கரங்கள் அழுத்திய இறுகிய கோட்டில் நடந்தால் களைப்பு குறையும். இங்கே வேகமாக நடக்கும் ஆசையைத் தலைவர் அடக்க வேண்டும். நாளின் கடினமான பகுதி இன்னும் வரவில்லை. பாறைகளில் செவ்வலகுக் கடற்காக்கைகளும் நீர்க்காகங்களும் அமர்ந்திருக்கும். செம்பவள நிறத்தில் நீண்ட அலகு கொண்ட கரும்பறவை ஒன்று உரக்கக் கத்திக்கொண்டு உங்களைச் சுற்றி ஓடினால், அதன் கூடு அருகில் இருக்கிறது என்று பொருள், அது சிப்பிபிடிப்பான். விலகி நடங்கள்.

ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் நடந்ததும் சிவப்புப் பாறைகள் வரும். சுற்றிலும் சாம்பல் நிறப் பாறையாக இருக்க, இந்த ஒரு துண்டு மட்டும் உலர்ந்த செங்குருதி நிறத்தில் கடலுக்குள் நீண்டிருக்கும். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் எரிமலைக் குழம்பு பீறிட்டு, நீர் பட்டவுடன் தலையணை தலையணையாக உறைந்து உருவானவை இவை. இவற்றில் கலந்துள்ள இரும்பு ஆக்சைடே சிவப்புக்குக் காரணம். மாவோரி மக்கள் இவ்விடத்தைப் பரிஃபெரோ என்கிறார்கள். பெருங்கடலோடியான கூப்பே இங்கே பாவா சிப்பி எடுக்கும்போது, ஒரு சிப்பி அவர் கையைக் கவ்வியதால் சிந்திய இரத்தம் இது என்பது ஒரு கதை. தந்தை திரும்பி வராரோ என்று அஞ்சிய அவருடைய மகள்கள் துயரத்தில் தம்மைக் கீறிக்கொண்ட இரத்தம் என்பது மற்றொன்று. கல்லைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். இது அறிவியல் காப்பகமும்கூட.

பாறைகளின் மறைவில் காலைத் தேநீருக்கு நிறுத்துவது பொருத்தம். குடுவைத் தேநீரும் ஆளுக்கொரு பிஸ்கட்டுமாகப் பதினைந்து நிமிடம் போதும். முகட்டைக் கைவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள் அதைத் தலைவரிடம் இங்கேயே சொல்வது நல்லது. திரும்புபவர் தனியாகப் போகாமல் இருவராகச் செல்ல வேண்டும், நிறுத்துமிடத்தை அடைந்ததும் தலைவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

சின்க்ளேர் முனையின் கடல்நாய்கள்

சிவப்புப் பாறைகளைத் தாண்டி மேலும் சற்றுத் தொலைவு சென்றால், மாவோரியில் தே ரிமுராபா எனப்படும் சின்க்ளேர் முனையும், அதன் அருகில் பாறைச் சுவரைப் பிளந்தது போன்ற டெவில்ஸ் கேட் என்னும் இடைவெளியும் வரும். ரிமுராபா என்பது இந்தக் கரையில் அடர்ந்து வளரும் தடித்த பெருங்கடற்பாசி. அதைப் பைகளாக்கி உணவைப் பாதுகாத்து வைக்கும் வழக்கம் மாவோரி மக்களுக்கு உண்டு.

இங்கே கடல்நாய்கள் கண்ணில் படும் முன்பே மூக்கில் படும். கெக்கெனோ எனப்படும் இவை நியூசிலாந்து ஃபர் சீல்கள். இனப்பெருக்கக் காலத்தில் தமக்கென்று இடம் பிடிக்க முடியாமல் போன ஆண்களே குளிர்காலத்தில் இங்கு வந்து படுத்துக்கிடக்கின்றன. குட்டிகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ரோமத்துக்காக ஒரு காலத்தில் ஏறக்குறைய அழியும் நிலைக்கு வேட்டையாடப்பட்ட இவற்றை, 1978-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் இன்று காக்கிறது. பாறையின் நிறமும் இவற்றின் நிறமும் ஒன்றே என்பதால், பாறை என்று நினைத்துக் கால் வைக்கப்போகும் இடத்தில் ஒன்று தலை தூக்கும். குறைந்தது இருபது மீட்டர் விலகி நிற்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அதற்கும் கடலுக்கும் நடுவில் போய்விடக் கூடாது. தப்பிக்கும் வழி அடைபட்டதாக உணர்ந்தால் அது உங்களை நோக்கித்தான் பாயும். மந்தமாகத் தெரியும் இந்த விலங்கு தரையில் வியக்கத்தக்க வேகத்தில் ஓடும், அதன் கடியில் நோய்த்தொற்று ஏற்படும் வாய்ப்பும் அதிகம். படம் எடுப்பவர்களைத் தலைவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய இடம் இது.

முகட்டுக்கு ஏறுதல்

சின்க்ளேர் முனையிலிருந்து வந்த வழியே திரும்பி, கரையிலிருந்து மலைக்குள் பிரியும் ஸ்பூக்கி கல்லி தடத்தைப் பிடிக்க வேண்டும். பிரியும் இடத்தை வரைபடத்தில் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; கடலைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் அதைத் தவறவிடுவது எளிது. ஏறத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று, ஒரு மேலாடையைக் கழற்றிப் பையில் வைத்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் தலைகளை எண்ண வேண்டும். காற்றைப் பற்றிய இரண்டாவது முடிவை எடுப்பதற்கும் இதுவே இடம். மேகம் முகட்டை மூடியிருக்கிறதா, மேலே புல்லும் புதரும் எப்படிச் சாய்கின்றன, தெற்கே அடிவானத்தில் கரிய மேகப் பட்டை எதுவும் எழுகிறதா என்று பார்த்துவிட்டு, ஐயம் இருந்தால் கரை வழியாகவே திரும்பிவிட வேண்டும். ஏறிய பிறகு எடுக்கும் முடிவைவிட இங்கே எடுக்கும் முடிவுக்கு விலை குறைவு.

ஏற்றத்தின் முதல் அரை மணி நேரத்தில் பேச்சு தானாகவே நின்றுபோகும். மிக மெதுவாக நடப்பவரைத் தலைவருக்கு அடுத்ததாக நிறுத்திவிடுவது நல்ல உத்தி. அவருடைய வேகமே குழுவின் வேகமாகிவிடும், அவர் பின்தங்கிவிட்டோம் என்ற மனச்சோர்வு கொள்ளவும் மாட்டார். வேகமானவர்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

சரிவுகளில் ஹரகேகே எனப்படும் நார்ச்செடி, தௌபதா, கோர்ஸ் ஆகியவை கலந்து வளர்கின்றன. இலைகள் ஈட்டிமுனைகளாக விறைத்து நிற்கும் ஈட்டிப்புல்லும் இந்தக் கரையை ஒட்டிய பாறைச் சரிவுகளில் உண்டு. அதையே உண்டு வாழும் அரிய கூன்வண்டு ஒன்றுக்குத் தென்கரைச் சரிவுகள் புகலிடம். உட்காரும் முன் பார்த்து உட்காருங்கள் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

மேலே ஏறியதும் ரேடோம் தடம் வழியாக, ஹாக்கின்ஸ் ஹில் உச்சியில் வெள்ளைப் பந்து போல நிற்கும் வானூர்தி ரேடார் கூண்டை நோக்கி நடக்க வேண்டும். உச்சியின் உயரம் 495 மீட்டர். தெளிந்த நாளில் நீரிணைக்கு அப்பால் தெற்குத் தீவின் கைகோரா மலைத்தொடரும், அதில் 2,885 மீட்டர் உயரமுள்ள தபுவாயெ-ஓ-ஊயெனுக்குவின் பனிமுடியும் தெரியும். கீழே பிக்டன் துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல் ஊர்ந்து போகும். மேற்கே மகாரா மலைகளில் 2009-இல் திறக்கப்பட்ட வெஸ்ட் விண்ட் காற்றாலையின் 62 சுழலிகள் வரிசைகளாக நிற்பதைப் பார்த்தால், இந்த முகட்டைப் பற்றி நான் ஏன் இவ்வளவு எச்சரித்தேன் என்பது விளங்கும்.

மதிய உணவை உச்சியில் வைத்துக்கொள்ள எல்லோரும் விரும்புவார்கள். காற்று இல்லாத நாளில் அப்படியே செய்யலாம். மற்ற நாள்களில் காற்று படாத மறுபுறச் சரிவில் சற்று இறங்கி, புதரின் மறைவில் அமர வேண்டும். அமர்ந்தவுடனே, குளிர் தெரிவதற்கு முன்பாகவே, சூடான மேலாடையை அணிந்துகொள்ள வேண்டும். நடுங்கத் தொடங்கிய பிறகு அணிந்தால் உடல் சூடேற நெடுநேரம் ஆகும். தடுமாறி நடப்பது, பேச்சுக் குழறுவது, கேட்டதற்கு எரிந்து விழுவது ஆகியவை உடல்வெப்பம் குறைவதன் அறிகுறிகள். அவை தெரிந்தால் அவருக்கு உலர்ந்த ஆடையும் இனிப்பும் கொடுத்து, உடனே இறங்கத் தொடங்க வேண்டும்.

இறக்கம்

முகட்டுச் சாலையிலிருந்து பிரியும் டிப் ட்ராக், நகரத்தின் குப்பைக்கிடங்கை ஒட்டி ஹாப்பி வேலி சாலையில் போய் முடிகிறது. மலைச்சைக்கிள் ஓட்டுபவர்களும் ஓட்டப் பயிற்சி செய்பவர்களும் இதையே பயன்படுத்துவதால், இருவர் மூவராகப் பரவி நடக்காமல் ஒரு பக்கமாகவே நடக்க வேண்டும். கிளப் நடைகளில் காயங்கள் ஏற்றத்தைவிட இறக்கத்திலேயே மிகுதி என்பது என் எண்ணம். களைத்த கால்கள், உருளும் சரளை, வீட்டுக்குப் போகும் அவசரம் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றுகூடுகின்றன. அடிகளைச் சிறிதாக்கி, முழங்காலைச் சற்றே மடக்கி, பாதம் முழுவதும் தரையில் படும்படி இறங்குங்கள். சாலையை அடைந்ததும் இடப்புறம் நகரத்துக்கு ஏறாமல், வலப்புறம் கடலை நோக்கி நடந்தால் ஓஃபிரோ விரிகுடாவும், அங்கிருந்து கடற்கரைச் சாலை வழியாக வண்டி நிறுத்துமிடமும் வந்துவிடும்.

கார் இல்லாதவர்களுக்கு வேறொரு முடிவும் உண்டு. டிப் ட்ராக்கில் இறங்காமல் முகட்டுச் சாலையிலேயே வடக்கு நோக்கி நடந்தால், ப்ரூக்ளின் காற்றாலைச் சுழலியை அடைந்து, அங்கிருந்து ப்ரூக்ளின் குடியிருப்புப் பகுதிக்கு இறங்கிப் பேருந்து ஏறலாம். இவ்வழியில் ஒருபுறம், 8.6 கிலோமீட்டர் நீள வேலியால் சூழப்பட்ட ஸீலாண்டியா சரணாலயத்தின் எல்லை வருகிறது. வேலியைப் பொருட்படுத்தாமல் பறந்து திரியும் காக்கா எனப்படும் கிளிகளின் கரகரத்த குரல் கேட்கலாம். ஆனால் வடக்குக் காற்று நாளில் இவ்வழி முழுவதும் முகத்தில் அறையும். அன்று டிப் ட்ராக்கே மேல்.

நடுவில் ஏதேனும் நேர்ந்தால்

முகட்டில் கைபேசிக்குப் பெரும்பாலும் சைகை கிடைக்கும். கரையில் மலைமுனைகளுக்குப் பின்னால் கிடைக்காமல் போகலாம். கணுக்கால் சுளுக்குப் போன்ற சிறு காயம் கரையில் நேர்ந்தால், மெதுவாகத் திரும்பி நடப்பதே எளிய வழி. எலும்பு முறிவு, நெஞ்சுவலி, நினைவு தப்புதல் போன்றவற்றுக்கு 111 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அழைக்க முடியாத இடத்தில் பிஎல்பி பொத்தானை அழுத்த வேண்டும். காயம்பட்டவரை ஒருபோதும் தனியே விடக் கூடாது. உதவி வரும் வரை அவரைத் தரையின் குளிரிலிருந்து பிரிக்க, முதுகுப்பைகளையே விரித்து அவற்றின்மேல் படுக்க வைக்கலாம். குழுவில் ஒருவரைக் காணவில்லை என்றால் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் தேடக் கிளம்பாமல், கடைசியாக எண்ணிய இடத்துக்கு இருவரை மட்டும் அனுப்ப வேண்டும்.

நடை முடிந்த பிறகு

ஒவ்வொரு நடைக்கும் முன்பாகத் தலைவர், குழுவின் பெயர்ப்பட்டியலையும் வழியையும் திரும்பும் நேரத்தையும் நகரத்தில் உள்ள கிளப் தொடர்பாளர் ஒருவரிடம் கொடுத்திருப்பார். குறித்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் காவல்துறைக்குச் சொல்வது அவருடைய பொறுப்பு. ஆகவே வண்டி நிறுத்துமிடத்தில் கடைசி ஆளும் வந்து, தலைகளை எண்ணி முடித்தவுடன், காபிக் கடைக்குப் போகும் முன்பாகவே அந்தத் தொடர்பாளருக்குச் செய்தி அனுப்பிவிட வேண்டும். எல்லாக் கார்களும் கிளம்பிவிட்டனவா, ஏதேனும் ஒரு வண்டியின் மின்கலம் செத்துக் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே தலைவர் புறப்படலாம்.

அடுத்த சில நாள்களுக்குள் ஒரு பக்க நடைக்குறிப்பு எழுதி கிளப்பிடம் கொடுப்பது வழக்கம். எந்தத் திசைக் காற்று, ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு நேரம், அலை தடத்தை எங்கே அரித்திருந்தது, எந்த வழிகாட்டிப் பலகை விழுந்து கிடந்தது என்பனவற்றை அதில் எழுதுங்கள். காட்சிகளின் அழகை இரண்டு வரியில் முடித்துக்கொள்ளலாம். அடுத்த முறை இதே நடைக்குத் தலைமை ஏற்பவர் தேடப்போவது மற்ற வரிகளைத்தான்.